கண்டீரவப் பணமும் கணினி வழி வந்த காசும்



என் மேசை டிராயரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பி இருக்கிறது. அதற்குள் துவரம்பருப்பு அகலத்தில் ஒரு மஞ்சள் காசு. 2011-ல் இணையத்தில் ஒரு வியாபாரியிடம் 180 டாலர் கொடுத்து வாங்கினேன். அதன் உண்மையான மதிப்புக்கு ஒரு காபி கூடக் கிடைக்காது. ஏமாந்த கதையைச் சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் போன மாதம் இங்கே ஒரு பிறந்தநாள் விருந்தில் இரண்டு நண்பர்கள் "பழைய தங்கக் காசு ஆன்லைன்ல வாங்கலாம்னு இருக்கோம், குழந்தைங்களுக்கு நம்ம ஹிஸ்டரி தெரியட்டுமே" என்று ஆரம்பித்தார்கள். அதனால் கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

சரி, ஊரிலிருந்து ஆரம்பிப்போம்.

எங்கள் ஊர் கௌதள்ளி. மைசூரிலிருந்து கொள்ளேகால், அங்கிருந்து ஹனூர், அதையும் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால் பாலாறு, மேட்டூர். சிவராத்திரிக்கு நடந்தே மலைக்குப் போகும் கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், சந்தையில் இரண்டும்.

கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 வரை கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரித்தபோது மைசூர் மாநிலத்துக்குப் போனது. பிறகு 1997-ல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்து சாமராஜநகர் மாவட்டம் ஆக்கினார்கள். எங்கள் அப்பாரு பிறந்தது கோயமுத்தூர் ஜில்லா. நான் பிறந்தது மைசூர் ஜில்லா. என் அக்கா பேரன் பிறந்தது சாமராஜநகர் மாவட்டம். மூன்று பேரும் பிறந்தது ஒரே வீடு!

இப்படிக் கை மாறிக்கொண்டே இருந்த சீமையில் காசும் பல கைகளிலிருந்து வந்திருக்கிறது. எங்கள் அம்மிச்சியிடம் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. அதில் ஒரு பவுன் காசும் நாலு சின்னஞ்சிறு தங்கக் காசுகளும். பவுன் காசில் குதிரை மேல் ஒரு ஆள். சின்னக் காசில் ஏதோ சாமி. "நரசிங்க சாமி" என்று அம்மிச்சி சொல்லும். வருஷத்துக்கு ஒருமுறை தை வெள்ளிக்கிழமை வெளியே எடுத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, பொட்டு வைத்து, மறுபடி அரிசிப் பானைக்குள் போய்விடும்.

1986-ல் நான் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அந்த முடிச்சு கொள்ளேகாலில் ஒரு அடகுக் கடைக்குப் போனது. நானும் கூடப் போனேன். கடைக்காரர் கறுப்புக் கல்லில் ஒவ்வொரு காசையும் லேசாகத் தேய்த்தார். கோட்டைப் பார்த்தார். சின்னத் தராசில் நிறுத்தார். காசில் என்ன சாமி, எந்த ராஜா என்று ஒரு பார்வை கூடப் பார்க்கவில்லை. எடைக்குக் காசு எண்ணிக் கொடுத்தார். எனக்குப் பதினெட்டு வயது. அம்மிச்சியின் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இருபத்தைந்து வருஷம் கழித்து, சியாட்டில் பக்கத்தில் ஒரு மழை ராத்திரியில், கணினித் திரையில் அதே காசின் படத்தைப் பார்த்தேன். பக்கத்தில் 180 டாலர் என்று போட்டிருந்தது. பிறகு என்ன நடந்தது என்பதற்கு முன்னால் அந்தக் காசின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏமாற்றுக்காரர்கள் புகுந்து விளையாடுவது அந்த வரலாற்றில்தான்.

பணம் என்றால் பணம்தான்

நாம் இன்று எதற்கெடுத்தாலும் "பணம்" என்கிறோம். ஒரு காலத்தில் அது ஒரு குறிப்பிட்ட தங்கக் காசின் பெயர். அரைக் கிராமுக்கும் குறைவு. கன்னடத்தில் 'ஹண' என்பதும் இதுதான். வெள்ளைக்காரன் வாயில் அது 'ஃபனம்' ஆனது. அதற்கு மேலே இருந்த பெரிய காசு வராகன், சுமார் மூன்றரைக் கிராம்.

மைசூர் உடையார்களில் முதன்முதலில் தன் பெயரில் காசு அடித்தவர் என்று அறியப்படுபவர் கண்டீரவ நரசராஜ உடையார். 1638 முதல் 1659 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆண்டவர். அவர் அடித்த தங்கப் பணத்தின் ஒரு பக்கம் நரசிம்மர். மறுபக்கம் நாகரி எழுத்தில் மூன்று வரியில் அவர் பெயர். இதுதான் கண்டீரவப் பணம். பத்துப் பணம் சேர்ந்தால் ஒரு கண்டீரவ வராகன். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்டீரவ வராகன் கணக்குப் புத்தகத்தில் மட்டுமே இருந்தது. அப்படி ஒரு காசு அடிக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உங்களிடம் "அபூர்வமான கண்டீரவ வராகன்" விற்க வந்தால் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம்.

அடுத்து ஹைதர் அலி. 1763-ல் பெத்தனூரைப் பிடித்தார். அங்கே இக்கேரி நாயக்கர்கள் அடித்துவந்த வராகனில் சிவன் பார்வதி உருவம் இருந்தது. ஹைதர் அதை மாற்றவில்லை. ஒரு பக்கம் சிவன் பார்வதியை அப்படியே விட்டு, மறுபக்கம் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் பாரசீக லிபியில் போட்டார். அதுதான் பகதூரி வராகன். ஜனங்களுக்குப் பழகின காசைத் திடீரென்று மாற்றினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மகன் திப்பு 1782-ல் பட்டத்துக்கு வந்ததும் காசுகளுக்கெல்லாம் புதுப் பெயர் வைத்தார். மொகர் அகமதி, வராகன் ஃபரூக்கி, பணம் ராகத்தி என்று.

1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கோயமுத்தூர் சீமை கும்பினியிடம் போனது. மைசூரில் மறுபடி உடையார் வம்சம். திவான் பூர்ணய்யா என்ன செய்தார் தெரியுமா? நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அதே கண்டீரவப் பணத்தை அதே மாதிரியில் மறுபடி அடிக்கச் சொன்னார். காரணம் ஹைதருக்கு இருந்த அதே காரணம்தான். ஆக, நரசிம்மர் போட்ட ஒரு பணம் 1640-ஐச் சேர்ந்ததா 1805-ஐச் சேர்ந்ததா என்று சொல்ல, பழகின கண் வேண்டும். இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் விற்கிறவர் எப்போதும் பழைய வருஷத்தைத்தான் போடுவார். அதற்குத்தானே விலை!

அந்த நாளில் ஒரு சந்தையில் எத்தனை வகைக் காசு புழங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண்டீரவப் பணம், மலையாளத்துப் பக்கமிருந்து வரும் வீரராயன் பணம், பகதூரி வராகன், மதராஸ் கும்பினியாரின் நட்சத்திர வராகன், பரங்கிப்பேட்டை வராகன்... ஒவ்வொன்றுக்கும் மாற்று வேறு, எடை வேறு. 1800-01-ல் மைசூர், கன்னடம், மலையாளம் என்று சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், வழியில் எந்த ஊரில் எந்தக் காசு என்ன விகிதத்தில் மாறுகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். 1807-ல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

இத்தனை குழப்பத்தில் வியாபாரம் எப்படி நடந்தது? சராப்பு என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் தராசும் உரைகல்லும் இருந்தது. காசில் இருக்கும் ராஜா யார் என்பதை விடக் கல்லில் விழும் கோடு என்ன சொல்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். தேய்ந்த காசுக்கு வட்டம் பிடித்துக்கொள்வார். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று நாம் பேச்சு வாக்கில் சொல்வது அந்த உரைகல்லிலிருந்து வந்த வார்த்தை. காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிற ஜனங்கள் நாம். அப்படிப்பட்ட நாமே ராஜா அடித்த காசைக்கூட உரைத்துப் பார்க்காமல் வாங்கியதில்லை.

1818-ல் மதராஸ் மாகாணத்தில் வராகனை விட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறினார்கள். 1835-ல் கும்பினி ராஜ்யம் முழுக்க ஒரே ரூபாய். பழைய வராகனும் பணமும் பெரும்பாலும் உருகி நகையாகின. மிச்சம் மீதி அம்மிச்சிகளின் முடிச்சில் தங்கியது.

பவுன் காசின் கதை

முடிச்சில் இருந்த மற்றொரு காசு பவுன். குதிரை மேல் இருந்த ஆள் புனித ஜார்ஜ். பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர் செதுக்கியது, 1817-லிருந்து வருகிறது. எடை 7.988 கிராம், 22 காரட், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். நம் ஊரில் இன்றைக்கும் ஒரு பவுன் என்றால் 8 கிராம் என்று கணக்குப் போடுவது இந்தக் காசின் எடையை வைத்துத்தான்.

முதல் உலகப் போர் சமயத்தில் கப்பலில் தங்கம் அனுப்புவது சிரமமாக இருந்ததால் 1918-ல் பம்பாயிலேயே பவுன் அடித்தார்கள். மொத்தம் 12,95,372 காசுகள். வருஷத்துக்கு மேலே, குதிரை நிற்கும் தரையில், 'ஐ' என்ற ஆங்கில எழுத்து சின்னதாக இருக்கும். அந்த ஒரு எழுத்துக்காகச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். கூடுதல் விலை எங்கே இருக்கிறதோ அங்கே போலியும் வரும்.

போலியில் இவ்வளவு பெரிய கதை வேறு எந்தக் காசுக்கும் இருக்குமா என்று தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜோஸ் பெராஹா என்ற யூகோஸ்லாவியர் இத்தாலியின் மிலான் நகரில் பவுன் காசு அடிக்க ஆரம்பித்தார். தங்கத்தில் குறை வைக்கவில்லை. சரியான எடை, சரியான மாற்று. அப்போது பவுன் காசுக்குத் தங்கத்தின் மதிப்பை விடச் சந்தையில் விலை அதிகம். அந்த வித்தியாசமே அவருடைய லாபம். பிரிட்டன் கேட்டு சுவிட்சர்லாந்தில் பிடித்தார்கள். 1952-ல் சுவிஸ் நீதிமன்றம் அவரை ஒப்படைக்க மறுத்தது. பவுன் இப்போது புழக்கத்தில் உள்ள நாணயமே இல்லை, அதனால் கள்ளநாணயம் அடித்தார் என்ற குற்றம் பொருந்தாது என்பது வாதம். பெய்ரூட் பக்கமிருந்தும் போலிகள் வந்து குவிந்தன. பிரிட்டிஷ் அரசு நாணயச்சாலை 1957-ல் மறுபடி பவுன் அடிக்க ஆரம்பித்ததற்கு இந்தப் போலிகளும் ஒரு காரணம்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தங்கம் சுத்தமாகவே இருந்தாலும் காசு போலியாக இருக்கலாம். எடைக்கு வாங்கினவனுக்கு நஷ்டமில்லை. 'அபூர்வ வருஷம்' என்று கூடுதல் கொடுத்தவனுக்கு அந்தக் கூடுதல் முழுக்க நஷ்டம்.

நான் விழுந்த குழி

இப்போது என் கதை. அந்த வியாபாரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்லியும் பயனில்லை, அந்தப் பக்கமே இப்போது கிடையாது.

படம் அழகாக இருந்தது. "17-ஆம் நூற்றாண்டு மைசூர் ராஜ்யம், 100 சதவீதம் அசல், சான்றிதழுடன்" என்று எழுதியிருந்தது. கடன் அட்டை எடுக்கமாட்டோம், வங்கி மூலம் அனுப்பினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றார்கள். அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும். கடன் அட்டையில் கொடுத்த பணத்தைத் தகராறு செய்து திரும்பப் பெற வழி உண்டு. வங்கி வழியாக அனுப்பியது போனால் போனதுதான். வேலையில் தினமும் மற்றவர்களுக்குக் கணினிப் பாதுகாப்பு பற்றி அறிவுரை சொல்கிறவன் நான்!

ஆறு வாரம் கழித்து இந்தியாவிலிருந்து கவர் வந்தது. சுங்கச் சீட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்ற இடத்தில் "செயற்கை நகை" என்று எழுதியிருந்தார்கள். பயந்துகொண்டு பொய் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த வியாபாரத்தில் உண்மை பேசியது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து இங்கே நடந்த நாணயக் கண்காட்சி ஒன்றுக்கு எடுத்துப் போனேன். ஒரு வயதான வியாபாரி லென்ஸை வைத்துப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "இது அடித்த காசு இல்லை, வார்த்த காசு. ஓரத்தில் கோடு பார், பரப்பில் சின்னச் சின்னக் குமிழி பார்" என்றார். ஓரத்தில் லேசாகச் சுரண்டியதும் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. தங்க முலாம். சான்றிதழைக் காட்டினேன். சிரித்துவிட்டு, "காசு செய்யத் தெரிந்தவனுக்குக் காகிதம் செய்யத் தெரியாதா?" என்று கேட்டார்.

ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன்.

"ஏங்கண்ணு, நூத்தியெம்பது டாலருன்னா நம்மூருக் காசுக்கு எவ்வளவு?"

"எட்டாயிரம் இருக்கும்மா."

"எட்டாயிரமா! அதுக்கு ஒரு கன்னுக்குட்டியே வாங்கியிருக்கலாமே சாமி. அது பாலாச்சும் குடுத்திருக்கும்."

மற்ற குழிகள்

நான் விழுந்தது சின்னக் குழி. அதன் பிறகு இந்த விஷயத்தைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்ட மற்றவற்றையும் சொல்கிறேன்.

முதலாவது, காசே வராத குழி. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஃபெடரல் வே என்ற ஊரில் நார்த்வெஸ்ட் டெரிட்டோரியல் மின்ட் என்ற பெரிய நிறுவனம் இருந்தது. இணையத்திலும் போனிலும் தங்கம், வெள்ளி விற்றது. புதிதாக வரும் வாடிக்கையாளர் பணத்தை எடுத்துப் பழைய வாடிக்கையாளர் கடனைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். 2016-ல் திவால். சுமார் 3,000 பேர், 2.5 கோடி டாலருக்கு மேல் இழப்பு. 2021-ல் ஜூரி உரிமையாளரைக் குற்றவாளி என்றது. கலிபோர்னியாவில் டுல்விங் என்ற இணைய வியாபாரியும் 2014-ல் இப்படித்தான் கடையை மூடினார். பிறகு மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டுமே பல வருஷம் நடந்த கடைகள். "அவர் இருபது வருஷமா இருக்கார்" என்பது காசு கைக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

இரண்டாவது, பயம் காட்டி விற்பது. 1933 ஏப்ரல் 5-ல் ரூஸ்வெல்ட் அமெரிக்கர்களிடமிருந்த தங்கத்தை அரசிடம் ஒப்படைக்க ஆணையிட்டார். சேகரிப்பாளர்களுக்கான அரிய நாணயங்களுக்கு விலக்கு இருந்தது. அந்தத் தடை 1974 கடைசியோடு முடிந்தது. ஆனால் "நாளைக்கே அரசாங்கம் தங்கத்தைப் பிடுங்கும், அரிய காசாக வாங்கினால் பிடுங்க முடியாது" என்று சொல்லி, சாதாரணக் காசைக் கொள்ளை விலைக்கு விற்பவர்கள் அதன் பிறகும் வந்துகொண்டே இருந்தார்கள். சாண்டா மோனிகாவில் இப்படி ஒரு நிறுவனத்தின் மேல் 2011-ல் வழக்குப் போட்டார்கள். 2012-ல் வாடிக்கையாளர்களுக்கு 45 லட்சம் டாலர் வரை திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அங்கே காசு போலி இல்லை என்பதைக் கவனியுங்கள். விலைதான் பிரச்சினை.

மூன்றாவது, காசே இல்லாததைக் காசு என்பது. ராமர் பட்டாபிஷேகம் போட்ட 'ராமடங்கா' என்பவை பூஜைக்கும் நினைவுக்கும் செய்த வில்லைகள். எந்த ராஜாவும் புழக்கத்துக்கு விட்டதல்ல. இதைத்தான் "விஜயநகரப் பொற்காசு" என்று விற்கிறார்கள். இன்னும் மோசம், 1616, 1818 என்று வருஷம் போட்டு அனுமார், ராமர் உருவத்தோடு கிழக்கிந்தியக் கும்பினிக் காசு என்று வருவது. கும்பினி அப்படி ஒரு காசு வெளியிட்டதே இல்லை. இதையும் அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது என்ற 'ரைஸ் புல்லிங்' கதையையும் கோத்து, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் லட்சக்கணக்கில் இழந்தவர்கள் இருக்கிறார்கள். "உங்கள் பழைய காசை லட்ச ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறோம், முதலில் கமிஷன் அனுப்புங்கள்" என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் வரும் அழைப்புகளும் மோசடிதான். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

நான்காவது, சட்டம். இது நம்மைப் போல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு முக்கியம். இந்தியாவின் 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான எந்த நாணயமும் தொல்பொருள். அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப மத்திய அரசுக்கும் அது அனுமதித்த அமைப்புக்கும் மட்டுமே உரிமை. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. அதாவது எனக்கு வந்தது அசல் கண்டீரவப் பணமாக இருந்திருந்தால் அது கடத்தல் பொருள்! ஏமாந்ததால் தப்பித்தேன் என்று மனைவி இன்றும் கிண்டல் செய்கிறாள். 1918 பவுனுக்கும் நூறு வயது தாண்டிவிட்டது. ஊரிலிருந்து அம்மாவின் பழைய காசைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவர நினைப்பவர்கள் இதை யோசியுங்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

முதலில் கணக்கு. காசில் உள்ள சுத்தத் தங்கம் எத்தனை கிராம், அன்றைய விலை என்ன, பெருக்கிப் பாருங்கள். பவுனுக்கு 7.32. கேட்கிற விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கதைக்குக் கொடுக்கும் விலை. அதே கடையில் அதே காசைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, என்ன விலைக்கு என்றும் கேளுங்கள். பதில் வர நேரமானால் புரிந்துகொள்ளுங்கள். தங்க விலையை விடக் குறைவாகக் கேட்டாலும் ஓடிவிடுங்கள். தங்கத்தை யாரும் நஷ்டத்துக்கு விற்கமாட்டார்கள்.

அடுத்து எடை. நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு மலிவாகக் கிடைக்கிறது. பவுன் 7.98 காட்ட வேண்டும். குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், கனம் 1.52. பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துச் சுழியாக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுகவிடுங்கள். 22 காரட் பவுன் என்றால் தராசு 0.45 பக்கம் காட்டும். அதே எடைப் பித்தளை 0.9-க்கு மேல் போகும். டங்ஸ்டன் வைத்து முலாம் பூசியது என்றால் 0.41, 0.42-ல் நிற்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னது இன்றைக்கும் வேலை செய்கிறது.

ஆனால் கண்டீரவப் பணம் போன்ற குட்டிக் காசுக்கு இந்தச் சோதனை வேலைக்காகாது. 0.02 என்று காட்டும், அது தராசின் நடுக்கமாகக்கூட இருக்கலாம். மோசடிக்காரர்களுக்குக் குட்டிக் காசு பிடிப்பது இதனால்தான். அதைத் தெரிந்தவர் கண்ணில் காட்டாமல் வாங்கக்கூடாது.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் காசைச் சோதித்து பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் போட்டுத் தருகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெட்டியையே போலியாகச் செய்து, வேறொரு அசல் காசின் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே உள்ள படமும் கையில் உள்ள காசும் கீறல் வரைக்கும் ஒன்றா என்று பாருங்கள். மாலையில் கோத்து வளையம் பற்ற வைத்த காசுக்குச் சேகரிப்பு மதிப்பு பெரிதாக இருக்காது, அதையும் மறக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு வரலாறு காட்ட வேண்டும் என்பதுதான் எண்ணம் என்றால், ஊருக்குப் போகும்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ பெங்களூருக்கோ கூட்டிப் போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் அசல் வராகனைப் பார்க்கலாம். சேமிப்பு என்றால் எந்தக் கதையும் இல்லாத சாதாரணத் தங்கத்தை, ரசீதோடு, எடைக்கு வாங்குங்கள். இரண்டையும் ஒரே காசில் வாங்கப் பார்த்ததுதான் என் தப்பு.

1986-ல் அந்த அடகுக் கடைக்காரர் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. நரசிங்க சாமியைக் கூடப் பார்க்காமல் எடை போட்டுவிட்டாரே என்று. இப்போது இல்லை. கல்லில் உரைத்தார், நிறுத்தார், சொன்ன காசைக் கொடுத்தார். நான் ஆன்லைனில் வாங்கியபோது எனக்கு அந்த மாதிரி ஒருவர்தான் நடுவில் தேவைப்பட்டார்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் அந்தக் காசைக் காட்டினேன். கையில் வைத்து உருட்டிப் பார்த்தது. "எங்கம்மா வச்சிருந்தது இதைவிட வழவழன்னு இருக்கும்" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் காசுதான் உன்ற படிப்பாயிருச்சே கண்ணு, இன்னும் எதுக்கு அதைப் போயித் தேடற?" என்றது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அமெரிக்காவில் நாணயத்தின் மாதிரி செய்து விற்றால் அதன் மேல் 'நகல்' என்று பொறிக்க வேண்டும் என்று 1973-லிருந்து சட்டம் இருக்கிறது. எனக்கு விற்றவர் பொறிக்கவில்லை. அதனால் அப்போது பத்து வயதாக இருந்த என் மகள், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்தில், டப்பி மூடியில் மார்க்கரால் "போலி" என்று எழுதி வைத்தாள். இன்னும் அழியாமல் இருக்கிறது.

பார்த்து வாங்குங்கள் நண்பர்களே. மீண்டும் சந்திப்போம்.